ஒன்பது புதன்கிழமைகள்: ஒரு கிளை நூலகம் சமூக வலைக் கருவிகளைக் கற்றுக்கொண்ட விதம்

எங்கள் கிளை நூலகத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். புதிதாக வந்த புத்தகங்களின் அட்டைப்படத்தைப் போட வேண்டும், வாசகர் வட்டக் கூட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல வேண்டும், நோக்கம் அவ்வளவுதான். ஒரு மாலை உறுப்பினர் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த கைப்பேசி எண்களை ஒவ்வொன்றாக என் போனில் ஏற்றினேன். வீட்டுக்குக் கிளம்புவதற்குள் எல்லோரையும் குழுவில் சேர்த்துவிட்டேன். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. நல்லதுதானே செய்கிறோம் என்ற எண்ணம்.

நான்காம் நாள் காலை, போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிற ஒரு பெண் என் மேசை அருகே வந்து நின்றார். பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து போகும்வரை காத்திருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மேடம், குரூப்ல இருந்து என் நம்பர எடுத்து ஒருத்தர் ராத்திரி மெசேஜ் பண்றார். நான் லைப்ரரிக்குன்னு கொடுத்த நம்பர் மேடம் அது."

ஒரு வாசகர் என்ன புத்தகம் எடுத்தார் என்பதையே வெளியில் சொல்லக் கூடாது என்று படித்துவிட்டு வேலைக்கு வந்தவள் நான். அப்படிப்பட்ட நான், அவர் நம்பிக் கொடுத்த எண்ணை ஊருக்கே காட்டியிருக்கிறேன். அன்று மதியமே ஒவ்வொருவராக நீக்கிக் குழுவைக் கலைத்தேன். அந்த ஆளை நேரில் வரவழைத்துப் பேசினோம், வாசகர் வட்டத் தலைவர் சார் உடன் இருந்தார். செய்தி வருவது நின்றது. ஆனால் ஒருவருடைய போனில் ஏறிவிட்ட எண்ணைத் திரும்ப வாங்க வழி கிடையாது.

இதற்குப் பிறகு நாங்கள் முதலிலிருந்து எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பதை எழுதி வைக்க நினைத்தேன். இரண்டு பேர் மட்டும் வேலை பார்க்கும் ஒரு சின்ன நூலகத்தின் அனுபவம்தான். ஆனால் இதே மாதிரி நூலகங்கள்தான் நம் ஊரில் அதிகம். இதே தவறு நடக்க எல்லா இடத்திலும் வாய்ப்பு இருக்கிறது.

பயிற்சி கிடைத்தது, பழக்கம் கிடைக்கவில்லை

பயிற்சியே இல்லாமல் இதில் இறங்கினேன் என்று சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நூலகர்களுக்கான ஒருநாள் பயிலரங்குக்குப் போயிருந்தேன். காலை பத்து மணியிலிருந்து மாலை வரை வலைப்பதிவு, ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப், விக்கி என்று எல்லாவற்றையும் திரையில் காட்டினார்கள். பேசியவர் விஷயம் தெரிந்தவர், அக்கறையோடுதான் பேசினார். ஆனால் அந்த நாள் முழுவதும் அரங்கில் இருந்த ஒருவர்கூட ஒரு கணக்குத் திறந்து பார்க்கவில்லை. கோப்பு, பேனா, சான்றிதழ் மூன்றையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அடுத்த நாள் காலை வழக்கம்போல வருகைப் பதிவேட்டைத் திறந்தோம், நாளிதழ்களுக்கு முத்திரை குத்தினோம். அவ்வளவுதான்.

சைக்கிள் ஓட்டுவதைத் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தும் அலுவலகப் பயிற்சி என்று வந்துவிட்டால் அதைத்தான் செய்கிறோம். எனக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கத் தெரிந்திருந்தது. குழுவில் இருப்பவர்களின் எண்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதும், யோசித்திருந்தால், தெரிந்திருக்கும். அதை ஒரு நூலகர் என்ற இடத்தில் நின்று யோசித்துப் பார்க்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் அமையவில்லை.

சார்லட் நகரில் 2006

நூலக அறிவியல் படிக்கும்போது காதில் விழுந்து மறந்துபோன ஒரு பெயர் அந்த வாரம் நினைவுக்கு வந்தது: '23 விஷயங்கள்'. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இப்படி ஒன்றை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்றுதான் இருந்தது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்ற நகரம். அந்த நகரத்துக்கும் அது இருக்கும் மெக்லன்பர்க் மாவட்டத்துக்குமான பொது நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் ஹெலீன் பிளவர்ஸ். 2005, 2006 வாக்கில் நூலக உலகில் 'லைப்ரரி 2.0' என்ற பேச்சு சூடாக இருந்தது. வாசகரும் எழுதலாம், தேடிக் கண்டுபிடிக்க உதவும் குறிச்சொல் (டேக்) இடலாம், படம் பகிரலாம் என்ற நிலைக்கு இணையம் வந்துவிட்டது, நூலகமும் அப்படி மாற வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். ஆனால் கிளை நூலகங்களில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கான ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தக் கருவிகளைத் தொட்டதில்லை. அவர்களை எப்படிப் பழக்குவது?

வகுப்பு எடுப்பதில்லை என்று பிளவர்ஸ் முடிவு செய்தார். இந்தத் திட்டத்தின் உயிரே அந்த முடிவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்டீபன் ஏப்ரம் என்ற நூலகத் துறை எழுத்தாளர், ஒருவர் ஓர் ஆண்டில் தானாகவே முயன்று பார்க்கக்கூடிய 43 விஷயங்களைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதை எடுத்து, சுருக்கி, ஒன்பது வாரத்தில் செய்து முடிக்கக்கூடிய 23 சின்னச் சின்ன வேலைகளாக மாற்றினார் பிளவர்ஸ். 2006 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியது. கட்டாயம் கிடையாது. யார் வேண்டுமானாலும் சேரலாம், அவரவர் வேகத்தில் செய்யலாம். முடித்தவர்களுக்கெல்லாம் ஓர் எம்பி3 பிளேயர், அவர்களில் குலுக்கலில் ஒருவருக்கு மடிக்கணினி.

வேலைகள் எப்படி இருந்தன என்று பாருங்கள். இரண்டாம் வாரம் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு வலைப்பதிவு தொடங்க வேண்டும். சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, புனைபெயரிலும் எழுதலாம். அதன்பின் செய்த ஒவ்வொன்றையும் அந்தப் பதிவில் குறித்து வைக்க வேண்டும்: என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், நூலகத்தில் இது எதற்குப் பயன்படும். மூன்றாம் வாரம் ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் படங்கள். நான்காம் வாரம், தளங்களில் புதிதாக வருவதைத் தானாகவே கொண்டுவந்து தரும் செய்தியோடைகள் (ஆர்எஸ்எஸ்). அப்புறம் லைப்ரரிதிங் தளத்தில் தன் சொந்தப் புத்தகங்களைப் பட்டியலிடுவது, இணைய முகவரிகளைச் சேமித்து வைக்கும் டெலிஷியஸ் தளத்தில் குறிச்சொற்களைப் புரிந்துகொள்வது, எல்லோரும் கிறுக்கிப் பார்க்கவென்றே திறந்துவைத்த ஒரு விக்கிப் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பது. பட்டியலின் பிற்பகுதியில் யூடியூபும் ஒலிப்பதிவுகளும்.

எட்டாம் வாரப் பட்டியலைப் படித்தபோது ஒரு பெயரில் கண் நின்றுவிட்டது. இணையத்திலேயே ஆவணம் எழுதிப் பழக அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி ஸோஹோ ரைட்டர். நம் சென்னையில் உருவாக்கப்பட்டு 2005இல் வெளியான மென்பொருள். மறு ஆண்டே சார்லட் நூலகர்கள் அதில் எழுதிப் பழகியிருக்கிறார்கள். நானோ அதை அவர்கள் பட்டியலைப் பார்த்துத்தான் முதன்முதலாகத் திறந்தேன். மனதுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது விஷயம். அதில் கருவி எதுவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் கற்பவரின் ஏழரைப் பழக்கங்கள் என்று ஒரு சின்னப் பாடம். கற்பது உன் பொறுப்பு, சிக்கலைச் சவாலாகப் பார், உன் மேல் நம்பிக்கை வை, கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடு என்று ஏழு போகும். மீதி அரைப் பழக்கம்: விளையாடு. அரசு அலுவலகத்தில் பல வருடம் இருந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு அந்த அரைதான் மற்ற ஏழையும்விடக் கஷ்டம். தப்பாகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற கேள்வி விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் செய்தார்கள். முழுத் திட்டத்தையும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியிட்டார்கள், யாரும் எடுத்துத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் யாரா பிளென்டி வட்டார நூலகம் முதல் ஆளாக எடுத்துக்கொண்டவர்களில் ஒன்று. அப்புறம் அமெரிக்காவின் மின்னசோட்டா, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகங்கள், அயர்லாந்து என்று பரவிப் பல வடிவங்கள் எடுத்தது.

இன்று அந்த 2006 பட்டியலை எடுத்துப் பார்த்தால் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. செய்தியோடை படிக்க உதவிய புளோக்லைன்ஸ் போய்விட்டது. நமக்கென்று ஒரு தேடுபொறி அமைக்க உதவிய ரோலியோ போய்விட்டது. டெலிஷியஸ் பல கை மாறி, 2017இல் போட்டிக்காரரான பின்போர்டிடம் விலைபோனது. டெக்னோராட்டி வலைப்பதிவுகளைத் திரட்டுவதை நிறுத்திவிட்டது. அதே சமயம், அந்த வாரங்களை ஒட்டியே வெளியில் உலகம் புரண்டது. அந்த ஆண்டு ஜூலையில் ட்விட்டர் வந்தது, செப்டம்பரில் ஃபேஸ்புக் எல்லோருக்கும் கதவைத் திறந்தது, அக்டோபரில் யூடியூபை வாங்குவதாக கூகுள் அறிவித்தது. ட்விட்டரோ ஃபேஸ்புக்கோ அந்த 23இல் கிடையாது. வாட்ஸ்அப் பிறக்கவே மூன்று ஆண்டு இருந்தது. அப்படியானால் அந்த ஒன்பது வாரமும் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு புதுக் கருவி வந்தால் பயப்படாமல் திறந்து, தட்டிப் பார்த்து, இது என் வாசகருக்கு எதற்கு ஆகும் என்று கேட்கிற பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், கருவி மாறும்போது அந்தப் பழக்கமும் கூடவே வரும்.

எங்கள் ஒன்பது புதன்கிழமைகள்

அந்த 23இல் நம் ஊருக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் நானும் உதவியாளர் அக்காவும்தான். அக்கா என்னைவிட வயதில் மூத்தவர், அடுக்குகளில் எந்தப் புத்தகம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க இடும் டூயி பதின்ம எண்ணைப் பார்க்காமலே கை அந்த இடத்துக்குப் போகும். ஆனால் போன் என்றால், "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், நீயே பாத்துக்கோ" என்பார்.

புதன்கிழமை மதியம் எங்கள் நூலகத்தில் கூட்டம் குறைவு. சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு மணி நேரம், ஒன்பது வாரத்துக்கு, இதற்கென்று ஒதுக்குவோம் என்று முடிவு செய்து பணிக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால் அக்காவுக்கு அது நடக்காது. வீட்டில் அவருக்குச் சமையல் இருக்கிறது, மாமியார் இருக்கிறார். கற்பதும் வேலையின் ஒரு பகுதி என்று நூலகத்துக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தால்தான் அது நிற்கும். பணம் ஒன்றும் செலவாகவில்லை, மேலே இருந்து உத்தரவும் தேவைப்படவில்லை.

முதல் புதன், ஒரு புத்தகத்தின் அட்டையைப் படம் எடுப்பது. கேட்கச் சின்ன விஷயம். எங்கள் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். மேசையில் வைத்து எடுத்தால் டியூப்லைட் அப்படியே அட்டையில் வெள்ளைக் கோடாக விழுந்து தலைப்பை மறைத்துவிடுகிறது. அக்கா நான்கைந்து முறை எடுத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளித் திண்ணைக்குப் போனார். நேர் வெயில் படாத ஓரத்தில், பழைய நாளிதழை விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்து, தன் நிழல் விழாதபடி எதிர்ப்பக்கம் குனிந்து நின்று எடுத்தார். படம் கண்ணாடிபோல வந்தது. உள்ளே வந்து போனை என்னிடம் நீட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் திட்டம் உண்மையில் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். அன்றிலிருந்து அட்டைப்படம் எடுப்பது அவர் பொறுப்பு. எனக்கு அந்தக் கை வரவில்லை.

இரண்டாம் புதன், குரலால் தமிழில் எழுதுவது. அக்கா பேசினால் போன் எழுத்தாக மாற்றும். எழுத்தாளர் பெயர்களிலும் முதலெழுத்துகளிலும் தடுமாறியது, அதைக் கையால் திருத்தப் பழகினார். மூன்றாம் வாரம் புத்தகத்தைப் பற்றி மூன்று வரி. இங்கேதான் அக்காவின் முப்பது வருட அனுபவம் வெளியே வந்தது. நான் எழுதினால் பதிப்பகம், பக்கம், விலை என்று பட்டியல் மாதிரி வரும். அக்கா எழுதியது இப்படி இருந்தது: "எழுத்து சின்னதா இருந்தா பெரியவங்க படிக்க மாட்டாங்க. இதுல எழுத்து பெருசு. கதை ஒவ்வொண்ணும் அஞ்சாறு பக்கம்தான்." அதைப் போட்ட வாரமே அந்தப் புத்தகம் வெளியே போனது.

நான்காம் புதன் சப்பென்று போனது. வலைப்பதிவு தொடங்கினோம், எங்கள் வாசகர் யாரும் அங்கே வரவில்லை, விட்டுவிட்டோம். லைப்ரரிதிங்கில் ஒரு அடுக்கை ஏற்றிப் பார்த்தோம், தமிழ்ப் புத்தகங்களில் பலவற்றுக்கு விவரம் கையால் தட்ட வேண்டியிருந்தது, நேரம் போதவில்லை. சார்லட்டில் சொன்னதுபோல எங்கே மாட்டிக்கொண்டோம் என்பதை ஒரு நோட்டில் இருவரும் எழுதினோம். அந்த நோட்டு கோடு போட்ட நாற்பது பக்க நோட்டுதான். ஆனால் பயிலரங்குக் கோப்பைவிட எனக்கு அதுதான் அதிகம் உதவியது.

எண் யாருடையது

ஐந்தாம் புதன்கிழமை வாட்ஸ்அப்பிடம் திரும்பி வந்தோம். பயந்துகொண்டேதான் வந்தேன். இந்த முறை முதல் கேள்வி, இதில் யாருக்கு யாருடைய எண் தெரியும் என்பது. ஒவ்வொரு வழியையும் எங்கள் இருவர் போனிலும் வாசகர் வட்டத் தலைவர் சார் போனிலும் வைத்து முயன்று பார்த்தோம்.

குழு என்றால் எல்லோருக்கும் எல்லோரின் எண்ணும் தெரியும். நாங்கள் செய்ய நினைத்த வேலைக்கு அது தேவையே இல்லை. புதுப் புத்தகம் வந்தது என்று சொல்ல நூறு பேர் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அடுத்து ஒலிபரப்புப் பட்டியல். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய்ச் சேரும், பெறுபவருக்கு மற்றவர்கள் யார் என்று தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். முதலில் இது பெரிய குறையாகத் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், சம்மதம் கேட்கும் வேலையை அந்தக் கருவியே செய்துவிடுகிறது. வேண்டும் என்பவர் சேமிப்பார், வேண்டாம் என்பவர் விட்டுவிடுவார்.

மூன்றாவது சேனல். இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்தது. பின்தொடர்பவர்களின் எண் மற்ற பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது, யாரும் நடுவில் காலை வணக்கம் அனுப்பவும் முடியாது.

ஒலிபரப்புப் பட்டியல், சேனல் இரண்டையும் வைத்துக்கொண்டோம். அறிவிப்புக்குச் சேனல். கேள்வி கேட்கத் தனிச் செய்தி. என் சொந்த எண்ணை விட்டுவிட்டு நூலகத்துக்கென்று தனி சிம் வாங்கினோம், வீட்டில் கிடந்த பழைய போன் ஒன்றில் அதைப் போட்டு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை ஏற்றினோம். கடைக்காரர்களுக்கென்று வந்த செயலிதான். இருந்தாலும் நூலகம் திறக்கும் நேரத்தைப் போட்டு வைக்கலாம், மூடிய பிறகு செய்தி அனுப்புபவருக்குத் தானாக ஒரு பதில் போகும்படி செய்யலாம். இதற்கு முன் இரவு பத்தரைக்குக்கூட என் போன் அடித்துக்கொண்டிருந்தது. தனி எண் வந்த பிறகு என் வீட்டில் நிம்மதி.

அப்புறம் ஒரு சின்ன அட்டை அச்சடித்து இரவல் மேசையில் வைத்தோம். புதுப் புத்தகச் செய்தி வேண்டுவோர் இந்த எண்ணைச் சேமித்து, 'புத்தகம்' என்று ஒரு செய்தி அனுப்பவும். உங்கள் எண் யாருக்கும் காட்டப்படாது. இந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னவர் அக்கா. முதல் தவறைப் பற்றி என்னிடம் புகார் சொன்ன பெண்ணிடம் அட்டையைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் வர்றேன் மேடம்" என்றார்.

சேமித்தவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். கலைத்த குழுவில் இருந்த எண்ணிக்கையை நாங்கள் எட்டவே இல்லை. அது எனக்கு வருத்தமாக இல்லை. இப்போது இருப்பவர்கள் தாங்களாக வந்தவர்கள்.

எதற்குப் பயன்பட்டது என்றால், 'இந்தப் புத்தகம் இருக்கிறதா?' என்ற ஒரு கேள்விக்குத்தான் மிக அதிகம். பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள் எங்களுக்கு நிறைய. வந்து, தேடி, இல்லை என்று தெரிந்து திரும்பினால் அரை நாள் போய்விடும். இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரி. ஒரு மதியம் அக்கா அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, படம் பிடித்து, 'இருக்கு தம்பி, உங்களுக்காக எடுத்து வைக்கிறேன், வெள்ளிக்கிழமை லீவு, சனிக்கிழமை வாங்க' என்று குரல்செய்தி அனுப்பினார். அதைக் கேட்டபோதுதான் அந்த வரி எனக்கு அர்த்தத்தோடு புரிந்தது.

பிடிஎஃப் கேட்பவர்கள்

எண் விஷயம் தெளிவானதும் அடுத்த சிக்கல் வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், "மேடம், அந்த கைடு ஒண்ணுதான் இருக்கு, அத அஞ்சு பேர் கேக்குறோம். போட்டோ எடுத்து அனுப்புங்களேன்" என்றார்கள். கேட்பது நியாயமான தேவை. அந்தப் பிள்ளைகளின் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனாலும் முழுப் புத்தகத்தையும் படமெடுத்து அனுப்புவது பதிப்புரிமையை மீறுவது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை நீடிக்கிறது. நூலகத்தின் பெயரில் இருக்கிற எண்ணிலிருந்து அதைச் செய்ய முடியாது.

முடியாது என்று மட்டும் சொன்னால் அவர்கள் வேறெங்காவது போவார்கள். அதனால் இரண்டு புதன்கிழமைகளை, சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவற்றைத் தேடுவதற்கே செலவிட்டோம். பாடநூல்கள் அரசுத் தளத்தில் கிடைக்கின்றன, தமிழ்நாட்டுத் தேர்வுகளுக்கு அவைதான் அடிப்படை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் இருக்கின்றன. இவற்றுக்கான இணைப்புகளைப் பாடவாரியாகப் பிரித்துச் சேனலில் போட்டோம். அந்தக் கைடுக்கு நேரம் பிரித்து, மேசையிலேயே வைத்துப் படிக்கும்படி ஒரு வரிசை நோட்டுப் போட்டோம். பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. ஒரே பிரதி ஒரே பிரதிதான்.

பழைய பக்கம்

எட்டாம் வாரம் ஃபேஸ்புக் பக்கம் தொடங்கலாம் என்று எங்கள் நூலகத்தின் பெயரைத் தேடினேன். ஏற்கெனவே ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ஆர்வமாகத் தொடங்கியது. அழகான படங்கள், குழந்தைகள் கதை சொல்லும் நிகழ்ச்சி, கோடைக்கால முகாம். அவர் மாறுதலாகிப் போன மாதத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. திறக்கும் நேரம் பழையது, தொடர்பு எண் அவருடையது. போன் செய்து பேசினேன். நல்ல மனிதர், மிகவும் வருத்தப்பட்டார். அந்தப் பக்கத்தைத் தன் சொந்தக் கணக்கிலிருந்து தனியாளாக நடத்தியிருக்கிறார். போன் மாற்றியபோது கணக்கே கைவிட்டுப் போயிருக்கிறது. அதைத் திருத்தவோ அழிக்கவோ அவராலும் முடியவில்லை, எங்களாலும் முடியவில்லை. இன்றும் யாராவது அதைப் பார்த்துத் தவறான நேரத்துக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மாறுதல் என்பது நம் வேலையோடு பிறந்தது. நூலகர் போவார், நூலகம் இருக்கும். நாற்காலிக்கும் பீரோவுக்கும் பதிவேடு வைத்து ஒப்படைக்கிறோம். ஆயிரம் வாசகர் பார்க்கிற ஒரு பக்கத்துக்கு ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. புதிதாக எதைத் தொடங்கினாலும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் என்று அன்று முடிவு செய்தோம். சேனலில் அக்காவையும் நிர்வாகியாகச் சேர்த்தேன். கடவுச்சொல், இரண்டு படிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பணப் பதிவேட்டோடு பீரோவில் வைத்தோம். ஃபேஸ்புக் பக்கத்தைப் புதிதாகத் தொடங்கவில்லை. இரண்டு பேரால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடிந்தது ஒன்றுதான், அந்த ஒன்று போதும் என்று விட்டோம்.

ஒன்பதாம் புதன் எதுவும் புதிதாகச் செய்யவில்லை. நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தோம். அக்காவின் முதல் வரி: 'வெளிச்சம் மேல விழுந்தா பேர் தெரியல.' கடைசி வரி: 'பக்கத்து ஊர் லைப்ரரி தங்கச்சிக்கு போன்ல சொல்லிக் கொடுத்தேன்.'

போன வருடம் எனக்கும் மாறுதல் உத்தரவு வந்தது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை எழுதும்போது, இருப்புப் பதிவேடு, இரவல் பதிவேடு, முத்திரைகள், சாவிகள் என்று வரிசையாகப் போய், அவற்றின் கீழே எழுதினேன்: கைப்பேசி 1, சிம் அட்டை 1, வாட்ஸ்அப் சேனல் 1, கடவுச்சொல் உறை 1, நாற்பது பக்க நோட்டு 1. புதிதாக வந்த நூலகர் தம்பி அந்த வரிகளில் பேனாவை நிறுத்தி, "சேனலை எப்படி மேடம் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டார். அக்கா போனைத் திறந்து அவரிடம் காட்டினார். பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

புதிய ஊரில் முதல் வாரம், காலையில் போனைப் பார்த்தேன். பழைய நூலகத்தின் சேனலில் ஒரு படம் வந்திருந்தது. விரித்த நாளிதழின் மேல் ஒரு சிறுவர் கதைப் புத்தகம், திண்ணை வெளிச்சத்தில், தலைப்பின் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.